காலாவதி வீரனும் காலில் விழும் வில்லனும்

2008-ஆம் வருஷம் வீடியோ கேம் உலகம் என்ன மிதப்பில் இருந்தது தெரியுமா? ஹீரோவின் தாடியில் ஒவ்வொரு முடியும் தனித்தனியாக ஆட வேண்டும், நெற்றி வியர்வையில் எதிர் ஜன்னல் தெரிய வேண்டும் என்று ஆளாளுக்குப் போட்டி. ‘கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ’ நாலாம் பாகத்தில் நியூயார்க்கைப் பார்த்து ஒரு நகரத்தையே கட்டிவிட்டார்கள். அங்கே வீட்டு வரி மட்டும்தான் வசூலிக்கவில்லை.

அந்த வருஷம் செப்டம்பரில், ஜப்பானின் பெரிய கம்பெனிகளில் ஒன்றான கேப்காம் ஒரு புத்தம்புது கேமை இறக்கியது. பெயர் ‘மெகா மேன் 9’. ஹீரோவுக்கு மூக்கே இல்லை.

வரைய மறந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். பார்த்துப் பார்த்துச் செய்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய எட்டு பிட் நின்டெண்டோ பெட்டியில் எப்படி இருந்தானோ அப்படியே இருந்தான். அதே கட்டம் கட்டமான உடம்பு, அதே கீச்சுக் குரல் இசை, அதே கொலைகார முள். பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, நின்டெண்டோ வீ என்று அன்றைய மூன்று மகா இயந்திரங்களிலும் இது ஓடியது. ஏரோப்ளேன் இன்ஜின் வாங்கி அதில் மாவரைத்தார்கள்.

இதைவிடப் பெரிய கூத்து ஒன்று உண்டு. பழைய நின்டெண்டோ பெட்டிக்கு ஒரு பலவீனம். திரையில் ஒரே கிடைக்கோட்டில் எட்டுப் பொம்மைத் துண்டுகளுக்கு மேல் அதற்குத் தாங்காது. ஒன்பதாவது வந்தால் ஏதாவது ஒன்று காணாமல் போகும். அதனால் கேம் எழுதியவர்கள் முறை வைத்து மறைத்தார்கள். பார்ப்பவர்கள் கண்ணுக்கு எல்லா எதிரிகளும் டியூப்லைட் மாதிரி மினுக்கினார்கள். 2008-ன் இயந்திரங்களுக்கு இந்தக் கஷ்டம் துளிக்கூடக் கிடையாது. அதனால் என்ன செய்தார்கள்? மினுக்கலைத் தனியாக ப்ரோக்ராம் எழுதி உண்டாக்கி, ஆப்ஷன்ஸ் மெனுவில் ‘வேண்டுமா, வேண்டாமா’ என்று கேட்டு வைத்தார்கள்.

கான்கிரீட் வீடு கட்டி, கூரை ஒழுகுவதற்குத் தனி ஸ்விட்ச் வைத்த கதை. அதைப் போட்டுவிட்டு, நனைந்துகொண்டே ‘ஆஹா, அந்தக் காலம்!’ என்று உருகியவர்கள் உலகம் முழுக்க இருந்தார்கள். ஸ்விட்ச் வைத்தவனைப் பார்த்துச் சிரிக்கலாம்தான். போட்டவனை என்ன செய்வது?

சரி, யார் இந்த மூக்கில்லாதவன்? சொந்த ஊரில் பெயர் ராக்மேன். பிறந்தது 1987 டிசம்பர் 17. டாக்டர் லைட் என்ற நல்ல விஞ்ஞானி ஆய்வகத்தில் எடுபிடி வேலைக்கென்று செய்த ரோபோப் பையன். டாக்டர் வைலி என்ற கெட்ட விஞ்ஞானி மற்ற ரோபோக்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, பையனின் கையைக் கழற்றிவிட்டு பீரங்கியை மாட்டி அனுப்பினார் லைட். தோற்கடித்த ஒவ்வொரு பாஸின், அதாவது எதிரித் தலைவனின், ஆயுதமும் இவனுக்கு வந்து சேரும். கட்சி மாறுகிறவர் மாவட்டத்தையே கூட்டிக்கொண்டு வருவது போன்ற ஏற்பாடு. நமக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை.

இவனுக்கு ஏன் நீல நிறம்? வானத்தின் குறியீடா? நேர்மையின் அடையாளமா? அந்தப் பழைய நின்டெண்டோ பெட்டிக்குத் தெரிந்ததே ஐம்பதுச் சொச்சம் நிறங்கள். அதில் நீலத்தில்தான் ஷேடுகள் கொஞ்சம் அதிகம் என்பதால் நீலம் என்பது கம்பெனிக்காரர்களே சொன்ன விளக்கம். நின்டெண்டோவின் மரியோவுக்கும் இதே ஜாதகம்தான். தலைமுடி வரையக் கஷ்டம் என்று தொப்பி. வாய் வரைய இடமில்லை என்று மீசை. இந்த மகா நாயகர்களின் சாமுத்ரிகா லட்சணம் முழுக்க இடநெருக்கடியில் பிறந்தது. சென்னையில் வாடகைக்கு வீடு பார்த்தவர்களுக்கு இது புரியும்.

இனி அப்பா விவகாரம். கெய்ஜி இனாஃபுனே என்றொருவர். ‘மெகா மேனின் தந்தை’ என்று பத்திரிகைகள் இருபது வருஷம் கூப்பிட்டன. மேடையில் ஏறினால் கைதட்டல், இறங்கினால் ஆட்டோகிராஃப். ஒரு நாள் அவரே, இருபதாம் ஆண்டுக் கொண்டாட்டச் சமயத்தில், 2007-ல் சொன்னார்: நான் கேப்காமில் சேர்ந்தபோதே அந்தப் பையனின் அடிப்படை டிசைன் தயாராக இருந்தது, நான் அதற்கு உதவி செய்தவன்தான் என்று. உண்மையைச் சொல்லிவிட்டார், பாராட்ட வேண்டும். பாராட்டி முடித்துவிட்டு எல்லோரும் மறுபடியும் ‘தந்தை’ என்றே எழுதினார்கள்.

உண்மையில் பையனை வரைந்து, கேமை இயக்கியவர் அகிரா கிடாமுரா. அவர் பெயர் ஏன் யாருக்கும் தெரியவில்லை? ஏனென்றால் கேம் முடிந்ததும் ஓடும் டைட்டிலில் சொந்தப் பெயர் போடக் கூடாது. நல்ல ஆட்களைப் போட்டிக் கம்பெனி கொத்திக்கொண்டு போய்விடும் என்ற பயத்தில் அன்று பல ஜப்பானியக் கம்பெனிகள் புனைபெயர்தான் போட்டன. கிடாமுரா வெறும் ‘ஏ.கே.’. இனாஃபுனே தன் பெயரின் கடைசியில் ‘கிங்’ சேர்த்து ‘இனாஃப்கிங்’ என்று போட்டுக்கொண்டார். வரலாற்றில் இடம்பிடிப்பது எப்படி என்பதை இதற்குமேல் எந்தப் பயிலரங்கமும் சொல்லித்தர முடியாது.

முதல் பாகம் பிரமாதமாக விற்கவில்லை. இரண்டாம் பாகம் எடுக்கட்டுமா என்று டீம் கேட்டபோது, தாராளமாக எடுங்கள், ஆனால் மற்ற வேலைகளுக்கு நடுவில் எடுங்கள் என்றது மேலிடம். ராத்திரி தூங்காமல், சில மாதங்களில், சொந்த ஆர்வத்தில் முடித்தார்கள். 1988 கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜப்பானில் வெளியானது ‘மெகா மேன் 2’. 15 லட்சம் பிரதிகள் போனது. பெரும் முதலீடு, பெரும் திட்டம், பெரும் அதிகாரிகள் மேற்பார்வை என்று எதுவும் இல்லாத பாகம்தான் இன்றுவரை ரசிகர்கள் தூக்கிக் கொண்டாடும் பாகம். மேலிடம் இதிலிருந்து ஒரு பாடம் கற்றது: இனி வருஷத்துக்கு ஒன்று.

நடுவில் அமெரிக்கா. அங்கே முதல் பாகத்துக்கு அட்டைப்படம் வேண்டும், உடனே வேண்டும் என்று அவசரம். ஒரே நாள் கெடுவில் வரைந்ததாகக் கதை. படத்தைப் பார்த்தால் கதையை நம்பலாம். சின்னப் பையன் இருக்க வேண்டிய இடத்தில் நடுத்தர வயது மாமா. நீலமும் மஞ்சளுமாக ஒரு பைக் ரேஸ் உடை. கை பீரங்கிக்குப் பதில் கையில் துப்பாக்கி. முகத்தில், மூன்று நாளாக வயிறு சரியில்லாதவரின் கலக்கம். கேமை ஆடிப் பார்க்காமல், போனில் யாரோ சொல்லக் கேட்டு, அந்த போனும் சரியாகக் கேட்காமல் வரைந்தது போல.

கேப்காம் வெட்கப்பட்டதா? முதலில் பட்டது. பிறகுதான் ஞானம் வந்தது. ‘மெகா மேன் 9’ வந்தபோது விளம்பரத்துக்கென்றே அந்தக் கோரத்தைத் திட்டமிட்டு நகலெடுத்து ஒரு மாமா படம் போட்டார்கள். 2012-ல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் வெர்சஸ் டெக்கன்’ சண்டை கேமில் அந்த அட்டைப்பட மாமாவையே, தொப்பையும் தொங்கலுமாக, ஆடக்கூடிய வீரனாகக் கொண்டுவந்தார்கள். ஒரு தவறை ஒரு தடவை செய்தால் அவமானம், இருபத்தைந்து வருஷம் விடாமல் செய்தால் பாரம்பரியம்.

டாக்டர் வைலியைப் பற்றிச் சொல்லாமல் போனால் அவர் மனம் நோகும். உலகத்தை ஆள ஆசைப்படுவார், கபாலம் வைத்த கோட்டை கட்டுவார், தோற்பார். தோற்றதும் ஒரே தாவலில் மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, ‘மன்னிச்சிரு கண்ணா’ என்று விழுவார். நம் ஹீரோ மன்னிப்பான். இதுதான் முதல் பாகத்தின் முடிவு. இரண்டாம் பாகத்தின் முடிவும் இதுதான்.

மூன்றாம் பாகத்தில் திருந்திவிட்டேன் என்றார். லைட்டோடு கூட்டுச் சேர்ந்து சமாதான ரோபோ கட்டினார். பிறகு அதே ரோபோவில் ஏறி உட்கார்ந்துகொண்டார். நாலாம் பாகத்தில் வேறொரு விஞ்ஞானியின் மகளைக் கடத்தி, பழியை அந்த அப்பா மேல் போட்டார். ஐந்தில் ஹீரோவின் அண்ணன் ப்ரோட்டோ மேன் மேல் பழி. ஆறாம் பாகத்தில் ‘மிஸ்டர் எக்ஸ்’ என்று தாடியும் கண்ணாடியுமாக ஒரு மர்ம கோடீஸ்வரர் வந்தார். கன்னத்தில் மச்சம் ஒட்டிய மாறுவேடத்தையே நாலு ரீல் நம்பி வளர்ந்த ஊர் நாம். நாமே இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டோம். மெகா மேனுக்குக் கேம் முழுக்கத் தேவைப்பட்டது.

ஒருவழியாக அந்த ஆறாம் பாகத்தில்தான் பிடித்து ஜெயிலில் போட்டார்கள். அப்பாடா என்று மூச்சு விட்டால், ஏழாம் பாகம் ஆரம்பிப்பதே வைலியின் ரோபோக்கள் ஊரை உடைத்து அவரை வெளியே கொண்டுவருவதில்தான். ஜாமீன் நடைமுறை எல்லாக் கிரகத்திலும் ஒன்றே.

1996-ல் எட்டாம் பாகம், பிளேஸ்டேஷனில். இப்போது வசதி வந்துவிட்டது. சிடி, கார்ட்டூன் காட்சி, குரல் எல்லாம் உண்டு. கைக்குக் காசு வந்ததும் முதல் வேலையாகத் தங்கப் பல் கட்டிக்கொள்கிறவர்கள் உண்டல்லவா? ஆங்கில டப்பிங்கில் டாக்டர் லைட் பேசினார். பேசியிருக்க வேண்டாம். ‘ர’வும் ‘ல’வும் வராமல் குழறி, தன் ஜென்ம எதிரி வைலியின் பெயரையே அவரால் சரியாகச் சொல்ல முடியவில்லை. எட்டு பாகமாக ஏன் அந்த ஆளை ஒழுங்காக உள்ளே வைக்க முடியவில்லை என்பதற்கு விடை அன்றுதான் கிடைத்தது.

அதற்குப் பிறகு பிரதானத் தொடர் பன்னிரண்டு வருஷம் தூங்கியது. கிளைத் தொடர்கள் வந்தன, கிளையின் கிளைகள் வந்தன, ஒரே ஹீரோவின் பெயரில் இத்தனை வம்சமா என்று மகாபாரதமே ஒதுங்கி வழிவிட்டது. முதல் வீட்டில் மட்டும் விளக்கில்லை.

அப்போதுதான் ஒன்பதாம் பாகம் என்ற யோசனை. செய்தது இன்டி கிரியேட்ஸ். 1996-ல் கேப்காமை விட்டு வெளியே வந்தவர்கள் தொடங்கிய கம்பெனி. வேலை வேண்டாம் என்று போனவர்களைக் கூப்பிட்டு, நீங்கள் இங்கே இருந்தபோது எப்படிச் செய்தோமோ அப்படியே செய்து கொடுங்கள் என்று காசு கொடுத்துக் கேட்டது கேப்காம். ராஜினாமாக் கடிதத்துக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

கதையைக் கேளுங்கள். டாக்டர் லைட் செய்த எட்டு ரோபோக்கள். நன்றாக உழைத்தவை. அவற்றுக்கு அரசாங்கம் ஒரு கெடுத் தேதி வைத்திருக்கிறது. தேதி முடிந்தால், உடம்பு நன்றாக இருந்தாலும், உடைத்துப் பழைய இரும்பு. எங்களுக்கு இன்னும் தெம்பு இருக்கிறதே என்று அவை கிளம்பின. வைலி தூபம் போட்டார். அவ்வளவுதான் கதை. காலாவதி ஆனவர்கள் ‘நாங்கள் இன்னும் ஓடுவோம்’ என்று கிளர்ச்சி செய்யும் கதையை, காலாவதி ஆன தொழில்நுட்பத்தில், காலாவதி ஆன ஹீரோவை வைத்து எடுத்தார்கள். இதைத் தெரிந்து செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா என்று கேட்காதீர்கள். நல்ல விஷயங்கள் நடக்கும்போது கிளறக் கூடாது.

அந்த எட்டுப் பேரில் ஒருத்தி ஸ்ப்ளாஷ் வுமன். பிரதானத் தொடரில் முதல் பெண் பாஸ். உலகத்தை அழிக்கும் வேலையில் சம வாய்ப்பு கிடைக்க இருபத்தியோரு வருஷம் பிடித்தது.

பழைய சுவை வேண்டும் என்பதற்காக இன்னொரு காரியம் செய்தார்கள். மூன்றாம் பாகத்தில் ஹீரோ சறுக்கிப் போகக் கற்றான். நாலாம் பாகத்தில் பட்டனை அழுத்திப் பிடித்துப் பெரிய குண்டு விடக் கற்றான். ஒன்பதில் இரண்டையும் பிடுங்கிவிட்டார்கள். இரண்டாம் பாகத்தில் கிடையாதே, எனவே இங்கேயும் கிடையாது. தூய்மைவாதம். ரசிகர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். பத்து டாலர் கொடுத்து வாங்கினார்கள். பிறகு தெரிந்தது, இன்னும் இரண்டு டாலர் கொடுத்தால் அண்ணன் ப்ரோட்டோ மேனாக ஆடலாம் என்பது. அண்ணனுக்குச் சறுக்கவும் தெரியும், பெரிய குண்டு விடவும் தெரியும்.

அதாவது, 1990-களில் இலவசமாகக் கொடுத்ததைப் பிடுங்கி, 2008-ல் இரண்டு டாலருக்கு விற்றார்கள். தொழில்நுட்பம் எட்டு பிட். கணக்குப்பிள்ளை மட்டும் இருபத்தோராம் நூற்றாண்டு.

கேம் ஜெயித்தது. 2010-ல் இதே பாணியில் பத்தாம் பாகமும் வந்தது. அதற்குள் இனாஃபுனே பேட்டி மேல் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். ஜப்பானிய கேம் தொழில் முடிந்தது என்றார். மேற்கத்தியர்களைவிடக் குறைந்தது ஐந்து வருஷம் பின்தங்கிக் கிடக்கிறோம் என்றார். ஐந்து வருஷம் என்பதில் அவருக்கு அப்படியொரு வருத்தம். இருபது வருஷம் பின்னால் போய் வெற்றி பெற்றவருக்கு ஐந்து எப்படிப் போதும்?

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது தமிழ்நாட்டில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்? எட்டு பிட்டில்தான் இருந்தோம், வேறெங்கே. நமக்கு யாரும் அதை விட்டுப் போகச் சொல்லவே இல்லையே.

ஒரிஜினல் நின்டெண்டோ பெட்டியை நம்மில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்ததில்லை. சாமுராய், மீடியா என்று வேறு வேறு பெயர்களில் டிவி கேம் வந்தது. பெயர் இல்லாமலும் வந்தது. கூடவே ஒரு மஞ்சள் கேசட். அதன் மேல் ‘9999 கேம்கள்’ என்று அச்சிட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் ஒரு பத்துப் பதினைந்து கேம். மிச்சமெல்லாம் அதே மரியோ, வேறு பெயரில், வேறு லெவலில் ஆரம்பிப்பார். வாக்குறுதிக்கும் நிறைவேற்றத்துக்கும் உள்ள தூரத்தை நம் பிள்ளைகள் ஓட்டுரிமை வருவதற்கு முன்பே கற்றுக்கொண்டார்கள்.

அந்த மரியோவின் முழு உலகம், எட்டு ராஜ்ஜியம், ராட்சத ஆமை, இளவரசி எல்லாம் சேர்த்து 40 கிலோபைட். இன்று காலை உங்கள் பெரியப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய ரோஜாப்பூ குட்மார்னிங் அதைவிடப் பெரியது. இளவரசியும் இல்லை அதில்.

கேசட் ஓடாவிட்டால் கழற்றி, வாயருகே வைத்து, புல்லாங்குழல் மாதிரி ஒரு ஊது. ஓடும். ஊதியதால் ஓடவில்லை, கழற்றி மாட்டியதால்தான் ஓடியது, எச்சில் ஈரம் பட்டு உள்ளே பின் துருப்பிடிக்கும் என்று நின்டெண்டோவே ஊதாதீர்கள் என்றது. உலகத்தில் ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. மினுக்கலை இவ்வளவு கவனமாகத் திருப்பிக் கொண்டுவந்த கேப்காம், ஊதுவதற்கு ஏற்பாடு செய்யாமல் விட்டது மன்னிக்க முடியாத குறை.

நின்டெண்டோ அந்தப் பழைய பெட்டியை, ஃபேமிகாம் என்ற பெயரில், ஜப்பானில் 2003 வரைக்கும் செய்துகொண்டுதான் இருந்தது. நம்மூர்த் திருவிழாக் கடைகளில் அதன் நகல்கள் அதற்கப்புறமும் தொங்கின. ஒரு பொருள் செத்தால்தானே அதை உயிர்ப்பிக்கலாம்? ‘ரெட்ரோ’ என்று அவர்கள் சிலிர்த்துக்கொண்டு திரும்பி வந்தபோது, நாம் அங்கேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தோம்.

இந்த இடத்தில் ஜப்பானை அப்படியே பட்டன் அழுத்தி நிறுத்திவிட்டு ராஜபாளையம் போக வேண்டும். காரணம் உண்டு.

ஊருக்கு மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில், ஆற்றோரம் இருக்கிறார் நீர்காத்த அய்யனார். போகிற வழியில்தான் ஊருக்குக் குடிதண்ணீர் தரும் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். பக்கத்தில் அருவி. சுற்றிலும் காடு. சாம்பல் நிற அணிலுக்காக 1988-ல் சரணாலயமான காடு இது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் என்று பதவி உயர்வு பெற்றது. முதலில் அணில், கடைசியில் புலி. எந்த கேமிலும் வரிசை இதுதான்.

அங்கே விடுமுறை நாளில் குடும்பம் குடும்பமாக ஆற்றில் பாறைக்குப் பாறை தாவிப் போவதைப் பார்த்தால், பிளாட்ஃபார்ம் கேமைக் கண்டுபிடித்தது ஜப்பான்காரன் என்பதை நம்பச் சிரமமாக இருக்கும். பாசி பிடித்த பாறை உண்டு. தேங்காய்ப் பழப் பையைக் குறிவைக்கும் குரங்கு உண்டு. மேலே எங்கோ பெய்த மழைக்குத் திடீரென்று கீழே வரும் காட்டாற்று வெள்ளம் உண்டு. மழை பலத்தால் வனத்துறை தடை போட்டு லெவலையே பூட்டிவிடும். பூட்டத்தான் வேண்டும். இந்த கேமில் லைஃப் ஒன்றுதான், கன்டினியூ கிடையாது.

நான் சொல்ல வந்தது அய்யனாரைப் பற்றி. காவல் தெய்வம். ஊர் எல்லையில் டியூட்டி. ராத்திரியில் குதிரை ஏறி ரோந்து. தலைமுறை தலைமுறையாக அதே டியூட்டி, அதே வாகனம். போலீஸ்கூட சைக்கிளிலிருந்து ஜீப்புக்கு வந்து, ஜீப்பிலிருந்து பொலீரோவுக்கு வந்துவிட்டது. அய்யனாருக்கு ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் கொடுப்போம் என்று எந்த ஊர்க் கூட்டத்திலும் யாரும் தீர்மானம் போட்டதில்லை.

சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து அய்யனார் கோவில்களில் புரவி எடுப்பு என்றொரு திருவிழா. வேளார் களிமண்ணில் புதுக் குதிரை செய்து சுட்டு, வர்ணம் தீட்டி வைப்பார். ஊரே தோளில் தூக்கிக்கொண்டு போய்க் கோவிலில் நிறுத்தும். முன்பு வைத்த குதிரைகள் காதுடைந்து, கால் உடைந்து, அங்கேயே நிற்கும். பக்கத்தில் புதுசு. புதுக் குதிரை, பழைய டிசைன். அதே முழித்த கண், அதே விறைத்த காது. ‘மெகா மேன் 9’ செய்தது முழுக்க முழுக்க இதைத்தான். நம்ம ஊரில் அதற்கு மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் கவனியுங்கள். குதிரையின் மேல் வேளார் பெயர் இருக்காது. ‘அய்யனார் குதிரையின் தந்தை’ என்று அவர் எந்தப் பேட்டியிலும் சொன்னதில்லை. ஏ.கே. என்று மட்டும் போட்டுவிட்டு, இரண்டாம் பாகத்தோடு கேப்காமை விட்டும் வெளிச்சத்தை விட்டும் போய்விட்ட கிடாமுராவுக்கு, இந்தப் பக்கம் எங்காவது ஒரு ஊரில் பூர்வ ஜென்மத் தொடர்பு இருக்கலாம்.

இதற்காக நாம் ரொம்பவும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். நம்மிடமும் சிமென்ட் குதிரை வந்தாகிவிட்டது. எனாமல் பெயின்ட், பளபளா சேணம், உடையவே உடையாத கால். பெரியவர்கள் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்ன இருந்தாலும் மண் குதிரை மாதிரி வராது என்கிறார்கள். ஊருக்கு ஊர் ஒரு ‘மெகா மேன் 8’ இருக்கத்தான் செய்கிறது.

இப்போது ஜப்பானை மறுபடி ஓடவிடலாம். 2010-ல் இனாஃபுனே கேப்காமை விட்டார். 2013-ல் ரசிகர்களிடமே நேரடியாகத் துண்டேந்தினார். ‘மைட்டி நம்பர் 9’. பெயரிலேயே ஒன்பது. நீல ரோபோப் பையன். கிட்டத்தட்ட எல்லாமே அவன், உரிமைப் பத்திரம் மட்டும் வேறு. 67 ஆயிரம் பேர் 38 லட்சம் டாலர் கொட்டினார்கள். தந்தையே வருகிறார், பிள்ளை எப்படி இருக்கும் என்று கனவு கண்டார்கள். அவர் தந்தை இல்லை என்று அவரே சொன்னதை யாரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை, அவர் உள்பட.

2015 ஏப்ரல் என்றார்கள். செப்டம்பர் என்றார்கள். அடுத்த பிப்ரவரி என்றார்கள். 2016 ஜூனில் வந்தது. இந்தத் தடவை மினுக்கலும் இல்லை, கட்டம் கட்டமும் இல்லை. எல்லாம் நவீன 3டி. அதில் வெடிக்கும் குண்டைப் பார்த்து, இது நெருப்பா பீட்சாவா என்று கேட்டார்கள் ரசிகர்கள். ஒழுகும் ஓலைக் கூரை கேட்டுக் காசு கொடுத்தவர்களுக்கு தகரக் கொட்டகை. வெளியீட்டு நாள் நேரலையில், ஒன்றும் இல்லாததற்கு இது தேவலாம் என்ற வாக்கியம் மேடையிலிருந்தே வந்தது. பந்தியில் பரிமாறுகிறவரே இலையைப் பார்த்து அப்படிச் சொன்னால், சாப்பிடுகிறவன் என்ன சொல்வான்?

இதைப் பார்த்துக் கேலி செய்தவர்களில் ஒருவர் சோனிக் முள்ளெலியின் அதிகாரபூர்வ ட்விட்டர் கணக்கு. சோனிக் யாரைக் கேலி செய்யும் நிலையில் இருந்தது என்பது தனிக்கதை. 2006-ல் அதை நிஜ உலகத்துக்குக் கொண்டுவருகிறேன் என்று சேகா கம்பெனி ஒரு கேம் எடுத்தது. அதில் ஒரு மனித இளவரசி அந்த முள்ளெலிக்கு முத்தம் கொடுத்தாள். பார்த்தவர்கள் பதினைந்து வருஷம் கழித்தும் அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

சோனிக்கைக் கரையேற்றியது யார்? ஆஸ்திரேலியாவில் கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ரசிகர். யாரும் கேட்காமலே, தானே ஒரு இன்ஜின் எழுதி, பழைய சோனிக்கை ஐஃபோனில் ஓட்டிக் காட்டினார். வேறு கம்பெனியாக இருந்தால் வக்கீல் நோட்டீஸ் போயிருக்கும். சேகா வேலை கொடுத்தது. அவரும் அவரைப் போன்ற சில ரசிகர்களும் சேர்ந்து 2017 ஆகஸ்டில் கொடுத்த ‘சோனிக் மேனியா’, அப்படியே 1990-களின் ஆரம்பத்தில் வந்தது மாதிரி இருந்தது. பல வருஷத்தில் சோனிக்குக் கிடைத்த மிகச் சிறந்த விமரிசனங்கள் அதற்குத்தான். பெரிய கம்பெனி தன் பிள்ளையின் முகத்தையே மறந்து போயிருந்தது. பக்கத்து வீட்டுப் பையன் ஞாபகம் வைத்திருந்தான்.

இதில் ஜப்பானைப் பார்த்து நாம் சிரிக்க முடியாது. 2004-ல் வந்த ‘கில்லி’யை 2024-ல் மறுபடி தியேட்டரில் போட்டபோது என்ன நடந்தது? டிவியில் எத்தனையோ தடவை பார்த்த படம். அடுத்த வசனம் எல்லோருக்கும் தெரியும், அதற்கடுத்த வசனமும் தெரியும். டிக்கெட் வாங்கிப் போய், திரைக்கு முன்னால் நின்று ஆடி, வசனத்தை விஜய்க்கு முன்பாகவே சொல்லிவிட்டு வந்தோம். புதுப்படம் எடுத்தவர்கள் பக்கத்து ஸ்கிரீனில் ஏசி போட்டுக்கொண்டு காத்திருந்தார்கள்.

காலம் முன்னே போகிறது என்று கம்பெனிகள் நம்புகின்றன. மூக்கு வரைகின்றன, முடி வரைகின்றன, குரல் கொடுக்கின்றன. நாம் காசு கொடுப்பதோ எட்டு வயதில் நமக்குக் கிடைத்த குறைகளுக்கு. அந்தக் குறைகளோடு சேர்த்துத்தான் நமக்கு எட்டு வயதாக இருந்தது. இது தெரிந்தவன் கையில் நாம் சிக்கினால் பத்து டாலர் நிச்சயம்; அண்ணனோடு சேர்த்தால் பன்னிரண்டு.

இதை ‘மெகா மேன் 9’ எடுத்தவர்கள் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தார்கள் என்பதற்கு அந்த கேமின் கடைசிக் காட்சியே சாட்சி. வைலி தோற்கிறார். வழக்கம்போல மண்டியிட்டு, நெற்றி தரையில் பட, மன்னிப்புக் கேட்கிறார். இம்முறை மெகா மேன் ஒரு காரியம் செய்கிறான். இதுவரை அவர் எந்தெந்தப் பாகத்தில் எப்படியெப்படி விழுந்தார் என்ற படங்களை வரிசையாக அவருக்கே போட்டுக் காட்டுகிறான். ஆதாரம் பக்காவாக இருக்கிறது. தப்பிக்கவே முடியாது.

வைலி அசரவில்லை. அய்யோ, உன் டாக்டர் லைட் அந்த அறையில் உடம்பு முடியாமல் கிடக்கிறார், போய்ப் பார் என்கிறார். அண்ணன் ப்ரோட்டோ மேன் ஓடி வந்து, போகாதே, அது பொறி என்கிறான். பொறியாக இருக்கலாம் என்று தம்பிக்கும் தெரிகிறது. ஆனாலும் ஒருவேளை நிஜமாகவே அவராக இருந்துவிட்டால், விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கிட்டே போகிறான்.

பொறிதான். வைலி தப்பித்துவிட்டார். பத்தாம் பாகத்துக்கு ஆள் தயார், நாமும் தயார்.